பதினோராவது வளைவு வரை நீண்ட ஹாரன்

மஞ்சமட்டம் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் பெர்னத்தின் பிரெஞ்சு ஹாரன் வளரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அதை முதலில் பார்த்தது தாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டு பதினேழு பேர் திரிகிறார்கள். அவர்களில் ஐந்து பேர் அன்று எஸ்டேட்டிலேயே இல்லை. உண்மையில் முதலில் பார்த்தவன் இன்னாசியாகிய நான். பெர்னத்தின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எஸ்டேட் பேண்டில் அவள் அந்தச் சுருண்ட பித்தளை ஹாரனை ஊதுவாள், நான் பெரிய டிரம் அடிப்பேன். இருபத்திரண்டு வருஷம் அந்த டிரம்மை வயிற்றில் கட்டிச் சுமந்ததில் நான் கண்ட பலன் முதுகுவலி ஒன்றுதான் என்பதால், உட்கார்ந்து ஊதுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பொறாமை உண்டு, பொறாமைக்காரன் கண்ணில்தான் எதுவும் முதலில் படும்.

அன்று அவள் கொழுந்து எடை போட்டுவிட்டு வந்து, கைகால் கழுவி, வாசல்படியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஹாரனை மடியில் எடுத்துக்கொண்டாள். ஹாரனைத் தேடிக் கழுத்தை நீட்டக் கூடாது, தோளைத் தூக்கக் கூடாது, நாம் வசதியாக உட்கார்ந்த இடத்துக்கு ஹாரன்தான் வரவேண்டும் என்பது அவள் சட்டம். புனல் வாயின் விளிம்பு வலது தொடையில் இருக்கும். இடது கையின் மூன்று விரல்கள் மூன்று வால்வுகளின் மேல், சுண்டுவிரல் அதற்கென்றே உள்ள கொக்கிக்குள். வலது கை குவிந்து புனல் வாய்க்குள். அந்த வலது கையில்தான் ஹாரனின் குரல் இருக்கிறது. கை உள்ளே இல்லாவிட்டால் அது காட்டுக்கத்தல் கத்தும், கை இருந்தால் பதமாகப் பேசும். அன்றைக்கு அவள் வலது கையைக் குவித்துக்கொண்டு போனபோது புனல் வாய் இருந்த இடத்தில் இல்லை. ஒரு முழம் தள்ளி என் வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, கொஞ்சம் நகந்து உக்காருங்க, ஹாரன் வளருது,” என்றாள்.

நகர்ந்து உட்கார்ந்தேன்.

வால்வுகளும் மவுத்பீஸும் அவள் மடியிலேயே இருந்தன, அவற்றுக்குப் பிறகு வருகிற குழாய்தான் வளர்ந்தது. வெள்ளிக்கிழமை அது என் அடுப்படி வழியாக நுழைந்து அடுத்த வீட்டுக் காளியம்மாவின் ஜன்னல் வழியாக வெளியே போனது, ஞாயிற்றுக்கிழமை முதல் லைனின் பன்னிரண்டு வீடுகளையும் ஒன்றுவிடாமல் எட்டிப் பார்த்துவிட்டு, காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தைச் சுற்றிக்கொண்டு, இரண்டாம் லைன், மூன்றாம் லைன் என்று எல்லா லைனுக்குள்ளும் புகுந்து, மாரியம்மன் கோயில் வாசலில் தாழ்ந்து, அந்தோணியார் கெபியில் இன்னொரு தரம் தாழ்ந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கொழுந்துகூட உதிராதபடி வளைந்து வளைந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, சவுக்குக் காட்டைத் தாண்டி, மூன்று மாதத்தில் ஐந்து கிலோமீட்டர் போய், மலைப்பாதையின் பதினோராவது கொண்டை ஊசி வளைவில், ரெஜினாவின் டீக்கடை பெஞ்சுக்கு நேராக, அடுப்பைப் பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்குமேல் ஒரு விரற்கடைகூட வளரவில்லை.

அது ஏன் அங்கே போய் நின்றது என்று மேல் டிவிஷனில் யாரும் யாரையும் கேட்கவில்லை. ரெஜினா பெர்னத்தின் உடன்பிறந்த அக்கா. அக்காளும் தங்கச்சியும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

பெர்னத்துக்கு முன்னால் இந்த ஹாரனை ஊதியவள் ரெஜினா. லாரி ஓட்டுகிற சூசையைக் கட்டிக்கொண்டு பதினோராவது வளைவில் கடை போட்டபோது, ஹாரனைத் தங்கச்சி மடியில் வைத்து, வால்வுக்குத் தையல் மிஷின் எண்ணெய் மட்டும் விடு, செத்தாலும் தேங்காய் எண்ணெய் விடாதே என்று நூறு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஜனவரி எட்டாம் தேதி, சூசை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. பேண்டு கிளம்பவேண்டிய அவசரத்தில் பெர்னத் மிஷின் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்க்கிறாள், ஒரு சொட்டு இல்லை. எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று அடுப்போரத்தில் உருகியிருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து மூன்று வால்விலும் விட்டாள். வீட்டுக்குள் வால்வு வழுக்கிக்கொண்டு ஓடியது. கல்லறைத் தோட்டத்துக் குளிரில் பத்து நிமிஷம் நின்றதும் எண்ணெய் உறைந்து மெழுகாகி, மூன்று வால்வும் கல்லாக நின்றுவிட்டன. பெட்டியை இறக்கும்போது எங்கள் பேண்டு வாசிக்கிற மெட்டு ஒன்று உண்டு, அதை ஹாரன்தான் தனியாக எடுக்கவேண்டும், சூசைக்கு உயிரோடு இருக்கும்போதே அந்த மெட்டு மேல் ஆசை. ஹாரன் எடுக்கவில்லை. பெட்டி சத்தமில்லாமல் இறங்கியது.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் கிறிஸ்மஸுக்குப் பெர்னத் வரவில்லை என்று அக்காளுக்கும் தங்கச்சிக்கும் சின்னதாக ஒரு மனத்தாங்கல். ரெஜினா அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். குழிமேட்டில் நின்றபடி, எல்லாரும் கேட்க, “ஒரே ஒரு மெட்டு. அதக் குடுக்க மனசு வரல உனக்கு,” என்றாள். பெர்னத் வாயைத் திறக்கவில்லை. செய்யாதே என்று நூறு தடவை சொன்னதையே செய்தேன் என்று எப்படிச் சொல்வது? முட்டாள் என்று பேர் வாங்குவதைவிடக் கெட்டவள் என்று பேர் வாங்குவது சிலருக்குச் சுலபமாக இருக்கிறது. பக்கத்தில் டிரம்மோடு நின்ற எனக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. நானும் வாயைத் திறக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை. ஹாரன் வளர்ந்த பிறகு எங்களுக்கு வேலை தலைக்குமேல் இருந்தது.

பெர்னத்தின் புருஷன் லாசர் தேயிலைப் பேக்டரியில் ஃபிட்டர். ஐந்து கிலோமீட்டரையும் நடந்து பார்த்துவிட்டு வந்து, “வளருறது அது இஷ்டம். ஆனா முட்டுக் குடுக்காம விட்டா தொங்கும், தொங்குன எடத்துல தண்ணி நிக்கும், தண்ணி நின்னா களகளன்னு கத்தும்,” என்றான். பத்தடிக்கு ஒரு கவட்டைக் கொம்பு நட்டு, குழாய் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் சுற்றினோம். ஊதுகிற மூச்சு குளிர்ந்து குழாய்க்குள் தண்ணீராகச் சேரும், அதை அவ்வப்போது வடித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் எந்த ஹாரனும் கொப்பளிக்கிற மாதிரிதான் ஊதும். எங்கள் ஹாரன் அதற்கும் வழி செய்துகொண்டிருந்தது. எந்தெந்த வீட்டைத் தொட்டுப் போனதோ அந்தந்த வீட்டுக்கு ஒரு வளைவு, அந்த வளைவில் இழுத்துக் கழற்றுகிற மாதிரி ஒரு ஸ்லைடு.

மாரியம்மன் திருவிழாவுக்கு லைனுக்கு ஒரு நாள் மண்டகப்படி இருக்கிறது, அதே கணக்கில் குழாயையும் வீடுவீடாகப் பிரித்துக்கொண்டோம். உன் வீட்டைத் தொடுகிற குழாய் உன் பொறுப்பு, காட்டில் போகிற குழாய் கவாத்து வெட்டுகிற ஆட்களின் பொறுப்பு. சாயங்காலம் பேக்டரி சங்கு ஊதியதும் அறுபத்து மூன்று வீட்டிலும் ஸ்லைடைக் கழற்றித் தண்ணீரை உதறி, விரல் நுனியில் வேஸ்லின் தொட்டுத் தடவித் திரும்பச் செருகுவார்கள். கைபட்ட இடத்தைப் பழைய பருத்திச் சேலைத் துணியால் துடைப்பார்கள். சண்டைக்காரர்கள்கூட அடுத்த வீட்டு ஸ்லைடில் தண்ணீர் நின்றால் ஜன்னலைத் தட்டிச் சொன்னார்கள், பேசக் கூடாது என்பதால் தட்டிவிட்டுக் குழாயை மட்டும் காட்டிவிட்டுப் போனார்கள்.

காளியம்மா ஒருத்திதான் படுத்தினாள். பொங்கல் பானையையும் குத்துவிளக்கையும் துலக்குகிற கைக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? ஒரு நாள் புளியும் சாம்பலும் வைத்துத் தேங்காய் நாரால் தன் பங்குக் குழாயைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டாள். அன்றைக்குத் தங்கமாக மின்னியது. மூன்றாம் நாள் மேல்பூச்சு உரிந்து பச்சை பூத்து, பெர்னத் ஊதிய சுரம் காளியம்மா வீடு வரைக்கும் இனிப்பாகப் போய் அதற்குப் பிறகு புளித்துப் போனது.

“பித்தளன்னா வெளக்கத்தான செய்யணும்?” என்றாள் காளியம்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

“இது கொடம் இல்லக்கா. கொழந்த மூஞ்சிய நாரப் போட்டாத் தேய்ப்பீங்க? வெதுவெதுப்பா தண்ணி, மெத்துன்னு துணி, அவ்வளவுதான்,” என்றாள் பெர்னத். காளியம்மா அன்றிலிருந்து தன் பங்கைத் துண்டால் ஒற்றி எடுத்தாள், மற்ற அறுபத்து இரண்டு வீட்டுக்கும் போய் அவர்கள் தேய்க்கிறார்களா என்று வேவு பார்த்தாள்.

பெர்னத் ஊதும்போது குழாய் அதிரும். அதிர்ந்தால் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் உருளும். அதனால் அவள் ஊதுகிற அரை மணி நேரமும் வீட்டுக்கு ஒருவர் தங்கள் பங்குக் குழாயைத் தொடைமேல் ஏந்தி உட்காரவேண்டும் என்று முடிவாயிற்று. சும்மா உட்கார்ந்தால் ஆகாது, முதுகு நிமிர்ந்து, தோளை இறக்கி, குழாயிடம் நாம் போகாமல் குழாயை நம்மிடம் வரவைத்து உட்காரவேண்டும். கூடை சுமந்து கூன் விழுந்த முதுகுகள் மூன்றே மாதத்தில் நிமிர்ந்தன. எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் தலைவலித் தைலத்தைக் கேட்டு ஆளே வருவதில்லை என்று குறைபட்டுக்கொண்டார். என் முதுகுவலியும் போய்விட்டது, அதைச் சொன்னால் பொறாமை குறைந்துவிட்டதா என்று கேட்பார்கள் என்பதால் நான் வெளியில் சொல்லவில்லை. காட்டெருமைகள் குழாயைத் தாண்டக் காலைத் தூக்கி வைக்கப் பழகிக்கொண்டன. குரங்குகள் ஒரு மாதம் அதில் சறுக்கு விளையாடிச் சலித்துப் போயின.

எல்லாம் சரியாக நடந்தது, ஒன்றைத் தவிர. புனல் வாய்க்குள் வைக்க ஒரு கை இல்லை.

பெர்னத்தின் வலது கை வேலையில்லாமல் மடியில் கிடந்தது. ஊதும்போதெல்லாம் அது பாட்டுக்குக் குவிந்து, இல்லாத வாயைத் தேடும். கீழே கடையில் டீ குடிக்க நிற்கிற லாரிக்காரர்கள் வேடிக்கைக்குக் கையை விட்டுப் பார்ப்பார்கள். கை மாறினால் குழாய்க்குள் மூச்சு போகிற விதம் மாறும், அது ஐந்து கிலோமீட்டர் ஏறி வந்து பெர்னத்தின் உதட்டில் தட்டும். “இது கோஸ் ஏத்துற ஜமால் பாய். கை பெருசு, ரொம்ப உள்ள விட்டுட்டாரு,” என்பாள். “இது யாரோ புதுசு. பயந்து பயந்து வைக்கிறாங்க.” ஊதி முடித்து மவுத்பீஸை எடுத்துத் துடைத்து வைப்பாள். அக்காளின் கை ஒரு நாள்கூட உள்ளே வரவில்லை என்பது அவள் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

ரெஜினா முதல் மாதம் புனல் வாயின் விளிம்பில் கரித்துணி காயப்போட்டாள். இரண்டாம் மாதம் ஒரு கோழியை அதில் அடைகாக்க வைத்தாள். நான் தூது போனேன். எனக்கு மூக்கு வியர்த்தால் போகாமல் இருக்க முடியாது. டீயைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, கோழியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“என் வீட்டுக்காரரு போன அன்னைக்கு ஊதாத வாய், இப்ப யாருக்காக ஊதுது இன்னாசி அண்ணே?”

“உனக்காகத்தான் ரெஜினா. அது இங்க வந்து நிக்கிதுல்ல?”

“நிக்கட்டும். நானும் அன்னைக்கு நின்னேன். காது கிழியுற மாதிரி கேட்டுக்கிட்டு நின்னேன், ஒரு சத்தம் வரல.”

தேங்காய் எண்ணெய் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது பெர்னத் வாயிலிருந்து வரவேண்டியது, நான் சொன்னால் வக்காலத்து என்றுதான் காதில் விழும். டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். நான் போனதுதான் தப்பாகப் போயிற்று. மறுநாளே ரெஜினா கோழியை வெளியே எடுத்துவிட்டு, ஒரு சாக்கை மடித்துப் புனல் வாய்க்குள் அடைத்து, விளிம்போடு சேர்த்துக் கோணி ஊசியால் இறுகத் தைத்துவிட்டாள்.

அதோடு ஹாரன் ஊமையானது. மேலே பெர்னத் ஊதுகிற மூச்சு, சாக்கின் இழை வழியாகக் கசிந்தது போக, மீதியெல்லாம் திரும்பி வந்தது. குழாய் முழுக்க வியர்த்துக் கொட்டியது. காளியம்மா வீட்டு ஸ்லைடு ஒரு நாள் படாரென்று கழன்று பறந்து போய்ச் சாம்பார் சட்டிக்குள் விழுந்தது. “சண்ட அவங்களுக்குள்ள, சாம்பாரு என்னுது,” என்று காளியம்மா பெரட்டுக் களத்தில் நியாயம் கேட்டாள்.

நியாயம் கேட்ட இடத்தில்தான் சின்னத்துரை காதில் விழுந்தது. உதவி மேனேஜரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், வெயில் ஊரிலிருந்து வந்து இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிற நல்ல மனுஷர், எதையும் நோட்டில் எழுதாமல் விடமாட்டார். அவருடைய நோட்டில் பயிர், களை, கட்டடம், மிருகம் என்று நான்கு தலைப்புகள். ஹாரன் சத்தம் போட்ட நாட்களில் அதை எதன் கீழும் எழுதாமல் தாண்டிப் போனார். இப்போது சத்தம் நின்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“வாசிச்சா அது வாத்தியம், உங்க பேண்டுது. வாசிக்கலன்னா பைப்பு. எஸ்டேட் நெலத்துல கெடக்குற பைப்பு கம்பெனிக்குச் சேரும், அறுத்து லாரியில ஏத்திருவோம்,” என்றார். “ஒரு முழுப் பாட்டு. என் காதால கேக்கணும். ஜனவரி முடியுறதுக்குள்ள நாள் சொல்லுங்க.”

“எட்டாந்தேதி,” என்றாள் பெர்னத், யோசிக்கவே இல்லை.

லாசர் அன்று முழுவதும் அவளோடு மல்லுக்கட்டினான். நான் போய் அந்தச் சாக்கைக் கிழித்துவிட்டு வருகிறேன் என்றான். பெர்னத் விடவில்லை. “தச்சவ பிரிக்கட்டும்,” என்றாள். “நான் சொல்ல வேண்டியத நான் சொல்லல. அதுக்குத்தான் அக்கா தச்சிருக்கு.”

“எப்பிடிச் சொல்லுவ? ஹாரன்ல பேசுனா பேச்சு போகாதே. எத்தன பேரு கத்திப் பாத்தாச்சு, புர்ருன்னுதான் போவுது.”

“பேச்சு போகாது. தெரியும்.”

எட்டாம் தேதி விடிந்தபோது உறைபனி. ஓடைக்கரைப் புல் வெள்ளையாக நின்றது, குழாயின் மேலே உப்புத் தூவியது போலப் பனி படிந்திருந்தது. அறுபத்து மூன்று வீட்டிலும் முதுகை நிமிர்த்தி, தோளை இறக்கி, குழாயைத் தொடையில் ஏந்தி உட்கார்ந்துவிட்டோம். பேண்டுக்காரர்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றார்கள். சின்னத்துரை மூன்றாவது ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பெர்னத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில், என் பங்குக் குழாயோடு, நான்.

பெர்னத் வாசல்படியில் உட்கார்ந்து ஹாரனைத் தன்னிடம் வரவைத்து மடியில் சாய்த்தாள். இடது கை வால்வின் மேல், சுண்டுவிரல் கொக்கிக்குள். பிறகு அடுப்போரத்திலிருந்து எடுத்து வந்த பாட்டிலின் மூடியைத் திறந்து, மூன்று வால்விலும் தேங்காய் எண்ணெயை வழிய வழிய ஊற்றினாள்.

லாசர் தலையில் அடித்துக்கொண்டான். “அடியே, இந்தக் குளிர்ல எறுகிப் போயிரும்டி! மிஷின் எண்ணெ வாங்கி வச்சிருக்கேன்ல?”

“தெரிஞ்சுதான் ஊத்துறேன்.” அவள் குரல் களம் வரைக்கும் கேட்டது. “ஆறு வருசத்துக்கு முன்னால, எங்க மாமா அடக்கத்துக்குப் போறப்பவும் இதத்தான் ஊத்துனேன். அக்கா ஊத்தாதன்னு சொன்னத ஊத்துனேன். வால்வு நின்னு போச்சு. வீம்புக்கு ஊதாம இருக்கல. அறிவில்லாம ஊத முடியாமப் போச்சு. இத அன்னைக்கே சொல்லிருக்கணும், சொல்லல. எல்லாரும் கேட்டுக்கங்க.”

எல்லாரும் கேட்டுக்கொண்டோம். ஆறு வருஷமாக நான் மூடி வைத்திருந்ததை அவள் ஒரே மூச்சில் திறந்துவிட்டாள்.

“வால்வு எறுகிட்டா மெட்டுல ஃபா சுரம் எங்கேருந்து வரும்?” என்றான் லாசர் சின்னக் குரலில்.

“வர்ற எடத்துலேருந்து வரட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் மவுத்பீஸை உதட்டில் வைத்தாள்.

லாசர் கேட்டது நியாயமான கேள்வி. வால்வு அசையாத ஹாரனில் உதட்டாலும் மூச்சாலும் மட்டும் டோ வரும், ரே வரும், மி வரும், சோ வரும். ஃபா மட்டும் நேராக வராது, தன் இடத்தைவிட்டு மேலே ஏறிக் கோணலாக நிற்கும். அதை இறக்கிச் சரியான இடத்தில் நிறுத்த ஒரே வழி, புனல் வாய்க்குள் இருக்கிற கை பாதி மூடிக்கொள்வது. எவ்வளவு மூடவேண்டும் என்பது கைக்குத் தெரியவேண்டும். ரெஜினா ஊதிய காலத்தில் வால்வு பாதி நாள் உடைந்து கிடக்கும் என்பதால் அவள் கைக்கு அந்த வித்தை அத்துப்படி. பெர்னத் காலத்தில் வால்வு சரியாகிவிட்டது, அவள் கற்றுக்கொள்ளவில்லை. கற்றிருந்தாலும் இப்போது வாய் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

முதலில் அவள் சுரம் எதுவும் எடுக்கவில்லை. வெறும் மூச்சை நீளமாக, சூடாக, அவசரமில்லாமல் உள்ளே விட்டாள். அந்த மூச்சு எண்ணெயின் வாசத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. என் பங்கைத் தாண்டும்போது என் மூக்குக்குத் தெரிந்தது, காளியம்மா பங்கைத் தாண்டும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள், முதல் லைனைத் தாண்டி, களத்தைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, ஒவ்வொரு வீடாக, “போயிருச்சு,” “இங்கயும் போயிருச்சு,” என்று குரல் கேட்டுக்கொண்டே கீழே இறங்கியது, ஓடைக்கு அப்பால் குரல் கேட்கவில்லை.

கீழே நடந்ததை ஜமால் பாய் எங்களுக்குப் பிறகு சொன்னார், அவர் அப்போது கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ரெஜினா சூசையின் படத்துக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வடை போட்டுக்கொண்டிருந்தாளாம். கரண்டி அப்படியே நின்றதாம். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாளாம், அதில் கொதிப்பது கடலை எண்ணெய். சாக்குப் பக்கமாகத் திரும்பி, கிட்டே போய், மூக்கை வைத்து மோந்து பார்த்தாளாம்.

“தேங்கா எண்ணெ,” என்றாளாம். பிறகு, “குளிர்ல தேங்கா எண்ணெ,” என்றாளாம். பிறகு கொஞ்ச நேரம் சூசையின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்று, “கூறுகெட்டவ. கூறுகெட்டவளே, இதயாடி ஆறு வருசமா வயித்துல வச்சிருந்த?” என்று சத்தம் போட்டாளாம். ஜமால் பாய் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று பயந்து டீயைக் கீழே வைத்துவிட்டார்.

மேலே இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பெர்னத் வால்வை அமுக்கிப் பார்த்தாள், மூன்றும் கல். தலையை ஆட்டிக்கொண்டு மெட்டை எடுத்தாள். டோ வந்தது, ரே வந்தது, மி வந்தது, சாக்கில் மோதி மொத்தையாகத்தான் வந்தன, இருந்தாலும் வந்தன. ஃபா கோணிக்கொண்டு மேலே போய் உடைந்தது. சின்னத்துரை பென்சிலைக் கையில் எடுத்தார்.

அவள் நிறுத்தி, தோளை இறக்கிக்கொண்டு, முதலிலிருந்து எடுத்தாள். மறுபடி அதே இடத்தில் உடைந்தது. லாசர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அந்தக் கல்லறைத் தோட்டத்துக் குளிர் கால் வழியாக ஏறியது. அவள் அவசரப்படவில்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மூன்றாம் முறை எடுத்தாள். டோவின் நடுவிலேயே சத்தம் சட்டென்று திறந்து மலை முழுக்க அடித்தது, சாக்கு போய்விட்டது என்று தெரிந்தது. ரே காட்டுக்கத்தலாகக் கத்தியது. மி வரும்போது கத்தல் பதமாகி, வட்டமாகி, தரைக்கு வந்தது. பெர்னத்தின் கண் விரிந்தது. உதடு மவுத்பீஸில் இருந்ததால் அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை, எங்கள் எல்லாருடைய தொடையிலும் அந்த மூச்சு மாறியது தெரிந்தது.

அவள் ஃபாவை எடுத்தாள். அது வழக்கம்போல மேலே ஏறப் பார்த்தது. பதினோராவது வளைவில் ஒரு கை பாதி மூடி அதை இறக்கி, இருக்கவேண்டிய இடத்தில் நிறுத்தியது.

அப்புறம் மெட்டு நிற்கவே இல்லை. மேலே மூச்சு, கீழே கை, நடுவில் ஐந்து கிலோமீட்டருக்கு நாங்கள். ஃபா வருகிற ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கை காத்திருந்தது, ஒரு தடவைகூடப் பிந்தவில்லை. டிரம் களத்திலேயே கிடந்தது, நான் குழாயைத் தொடையில் வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். காளியம்மா அழுதுகொண்டே துண்டால் குழாயை ஒற்றினாள். சூசைக்குக் கிடைக்காமல் போன மெட்டு முழுசாக, கடைசிச் சுரம் வரைக்கும், மலை இறங்கியது.

சின்னத்துரை எழுந்து நின்று, இருக்கிற நான்கு தலைப்புக்கும் பக்கத்தில் ஐந்தாவதாக ‘வாத்தியம்’ என்று எழுதி, கீழே ‘ஒன்று’ என்று போட்டுவிட்டு நோட்டை மூடினார். “போதும்மா, பாட்டு முழுசா கேட்டுட்டேன். கீழ வச்சுட்டு ரெஸ்ட் எடு,” என்றார்.

பெர்னத் கீழே வைக்கவில்லை. மவுத்பீஸை ஒரு விரற்கடை நகர்த்தி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா இன்னும் கைய எடுக்கல சார்,” என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து ஊத ஆரம்பித்தாள்.